ஒரு வேளை மருந்தில் தீராது குட்டியின் வயிற்றுப் புழு

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு ஏழு வாரம் ஆகிறது. மூன்றாவது வாரத்தில் பூச்சி மருந்து (பைரன்டெல்) ஒருமுறை கொடுத்தோம். நேற்று அது எடுத்த வாந்தியில் வெள்ளைச் சணல் நூல் போலப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. தாய் நாயின் வாலடியில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. மருந்து பலிக்கவில்லையா?

பதில்: மருந்து பலித்துத்தான் இருக்கும், நாள் கணக்குத்தான் தவறிவிட்டது. வாந்தியில் வந்தது உருளைப்புழு. தாயின் உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் சினைக்காலத்தில் விழித்துக்கொண்டு, கருவில் இருக்கும் குட்டிக்குள்ளேயே புகுந்துவிடும். பிறகு பாலிலும் வரும். அவை கல்லீரல், நுரையீரல் என்று சுற்றி, மூச்சுக்குழாயில் ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்த பிறகுதான் பைரன்டெலுக்கு அகப்படும். வழியில் இருப்பவை தப்பிவிடும். அதனால்தான் 2, 4, 6, 8 வாரங்களில் கொடுத்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை தொடரச் சொல்கிறோம். நீங்கள் இப்போது ஒரு வேளை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். பழைய எடைக்கான அளவு இப்போது போதாது.

தாய்க்கு இருப்பது வேறு: நாடாப்புழு. அந்த 'அரிசி' அதன் உடல் துண்டு. புதிதாக இருந்தால் லேசாக நெளியும். இதற்குப் பிராசிகுவான்டெல் என்ற மருந்துதான் வேண்டும். ஆனால் இந்தப் புழு நாயிடம் வருவது, அது கடித்து விழுங்கும் தெள்ளுப்பூச்சி வழியாக. முதுகு முடியை விலக்கி, அங்குள்ள கருந்துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால், சில வாரங்களில் 'அரிசி' திரும்பிவிடும். தாய்க்கு உருளைப்புழு மருந்தையும் குட்டியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

மலப் பரிசோதனையில் 'முட்டை இல்லை' என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். முட்டையிடும் பருவத்தை எட்டாத புழு அதில் தெரியாது. நாடாப்புழுவின் முட்டையும் பெரும்பாலும் அகப்படாது. கண்ட புழுவைச் சிறு புட்டியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். பிட்டத்தைத் தரையில் தேய்க்கும் நாய்க்கெல்லாம் புழு மருந்து கொடுப்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பியின் தொல்லை.

மலத்தை அன்றன்றே அகற்றுங்கள். உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர மண்ணில் இரண்டு வாரமாவது ஆகும். அதன்பின் குழந்தைகளுக்கும் ஆபத்து.

குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மலம் தார் போலக் கறுத்திருந்தாலோ, இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவாக இருக்கலாம். அப்போது அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.