அட்டையைக் கிழித்த பையன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பான், வாலிபர் கூடுகையில் அவன்தான் முன்னால் நிற்பான், தினமும் ஸ்டேட்டஸில் ஒரு வசனம் போடுவான். புத்தாண்டு ஆராதனையில் அவனுக்கு எரேமியா 29:11 (நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன், என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற வசனம்) வாக்குத்தத்த அட்டையாக வந்தது. நீட்டில் இரண்டாவது தடவையும் மார்க் போதவில்லை. அட்டையைக் கிழித்துப் போட்டவன் இரண்டு மாதமாக ஆலயத்துக்கே வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் விசுவாசம் இவ்வளவுதானா ஐயா?
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: சகோதரி, அந்த அட்டையை அவன் கையில் கொடுத்தது யார்? டிசம்பர் 31 ராத்திரி தட்டை நீட்டி, எடுத்ததும் "இந்த வருஷத்துக்கு ஆண்டவர் உனக்குக் கொடுத்தது" என்று சொல்கிறவர்கள் நாம்தானே. நானும் எத்தனையோ வருடம் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தான் பிறந்த நாளையே யோபு சபிக்கிற மூன்றாம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம் அதில் இருந்து நான் பார்த்ததில்லை. சமாதானம், உயர்வு, ஆசீர்வாதம் என்று பொறுக்கித்தான் அச்சடிக்கிறோம்.

உங்கள் மகனுக்கு வந்த வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதத்தில் வருகிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்கிறான், கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவோ அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று எழுதுகிறார். 11-ம் வசனத்துக்கு ஒரு வரி முன்னால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதம் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இந்த 10-ம் வசனத்தை அவனுக்கு யாராவது வாசித்துக் காட்டினோமா? எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் பேச்சை அட்டையில் கொடுத்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு உண்டு, கேள்வி கேட்கிற பிள்ளைக்கு "உட்காரு" என்ற பதில்தான். திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பிலும் கிட்டத்தட்ட அதே கதை. அப்புறம் கையில் மைக்கைக் கொடுத்துப் பாட வைத்துவிட்டு, பையன் ஆவிக்குரியவன் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

கிழித்ததைப் பற்றி ரொம்பக் கலங்காதீர்கள். ஸ்டேட்டஸ் போட்ட நாட்களைவிட அன்றைக்குத்தான் அவன் ஆண்டவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறான். போதகரைக் கூட்டிப்போய் ஜெபம் பண்ண வைப்பது, "எல்லாம் நன்மைக்குத்தான்" என்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மெடிக்கல் சீட் வாங்கினதைச் சாட்சியாகச் சொல்வது, இந்த மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் 88-ம் சங்கீதத்தை அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். அது புலம்பலில் ஆரம்பித்து, கடைசியில் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் புலம்பலிலேயே முடிகிறது. இதுவும் வேதத்தில் இருக்கிறதா என்று கேட்பான். கேட்டால் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், அவன் பேசட்டும்.