ஏழு 'வீ'யும் முப்பது மூட்டை நூலும்

ஆங்கில நாளிதழ் ஒன்றின் செய்தி அறையில் 31 ஆண்டுகள் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர், வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

நான் ஒரு நூற்பாலையின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியூர்ப் பார்ட்டிகளுக்கு மெயில் அனுப்புவது என் பொறுப்பு. "இலக்கணப் பிழை ஒண்ணும் இல்லம்மா. ஆனா படிக்கிறப்ப சுத்தியலால அடிக்கிற மாதிரியே இருக்கு" என்கிறார் மேனேஜர். ஒரு மெயிலை இணைத்திருக்கிறேன். என்ன கோளாறு ஐயா?
— வாசகி, ராஜபாளையம்

உங்கள் மேனேஜருக்குக் காது நன்றாக இருக்கிறது அம்மா. மற்ற வாசகர்களும் கேட்கட்டும்:

"வீ ரிசீவ்ட் யுவர் ஆர்டர் ஆன் மண்டே. வீ செக்ட் தி ஸ்டாக். வீ ஹேவ் ஒன்லி தர்ட்டி பேக்ஸ். வீ வில் சென்ட் தர்ட்டி பேக்ஸ் ஆன் ஃப்ரைடே. வீ வில் சென்ட் தி பேலன்ஸ் நெக்ஸ்ட் வீக். வீ ரிக்ரெட் தி டிலே. வீ நீட் யுவர் கன்ஃபர்மேஷன்."

'வீ' வந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டேன். ஏழு வாக்கியம், ஏழு வட்டம். எதிலும் 7 சொல்லுக்கு மேல் இல்லை, 4-க்குக் கீழும் இல்லை. சுத்தியல் சத்தம் அங்கேதான் வருகிறது.

இது உங்கள் தப்பு மட்டுமல்ல. தமிழில் 'அனுப்பினோம்' என்றால் அந்த 'ஓம்' விகுதியிலேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம், 'நாங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நான் அனுப்பினாலும் 'சென்ட்'தான், அவர்கள் அனுப்பினாலும் 'சென்ட்'தான். அதனால் ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தியாக வேண்டும். நாமும் கடமை தவறாமல் நிறுத்துகிறோம், ஒரே ஆளை, ஒரே இடத்தில்.

வீட்டுக்குப் போய் இதே விஷயத்தை எப்படிச் சொல்வீர்கள்? "திங்கக்கிழமை ஆர்டர் வந்துச்சு, குடோன்ல போய்ப் பார்த்தா முப்பது மூட்டைதான் கிடக்கு." ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஆங்கிலம் என்றதும் அந்த மூச்சைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறோம். 'சின்ன வாக்கியமா எழுது, தப்பு வராது' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது. சொன்னதில் பிழையில்லை. நடைவண்டி நல்லதுதான், அதை ஆபீஸுக்கும் தள்ளிக்கொண்டு போகிறோமே!

நீங்கள் வீட்டில் சொல்வதையே நான் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன்:

"யுவர் ஆர்டர் ரீச்ட் அஸ் ஆன் மண்டே, பட் வென் வீ செக்ட், தேர் வேர் ஒன்லி தர்ட்டி பேக்ஸ் இன் ஸ்டாக். தீஸ் வில் லீவ் ஆன் ஃப்ரைடே, அண்ட் தி பேலன்ஸ் வில் ஃபாலோ நெக்ஸ்ட் வீக். வீ ரிக்ரெட் தி டிலே. குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்?"

முதல் வாக்கியத்தில் எழுவாய் நீங்கள் இல்லை, அவருடைய ஆர்டர். இரண்டாவதில் மூட்டைகள். சொற்களை எண்ணினால் 17, 12, 4, 4. 'வீ ரிக்ரெட் தி டிலே' உங்களுடையதுதான், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் இரண்டு நீள வாக்கியங்களுக்குப் பின்னால் அது தனியாக வந்து நிற்கும்போதுதான் அந்த வருத்தம் வருத்தமாகக் கேட்கிறது. முன்பு ஏழில் ஒன்றாகக் கூட்டத்தில் காணாமல் போயிருந்தது. கடைசியில் 'எங்களுக்கு உறுதி வேண்டும்' என்று அறிவிக்காமல் கேள்வியாகக் கேட்டுவிட்டேன். கேள்வி என்றால் பதில் சொல்லத் தோன்றும்.

அனுப்பும் முன் வாய்விட்டுப் படியுங்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் விரலால் தொட்டுக்கொண்டே. அதற்காக எல்லா வாக்கியத்தையும் பதினேழு சொல்லுக்கு இழுத்துவிடாதீர்கள். அரசாங்கக் கடிதம் போல மூன்றாம் வரியில்தான் வினைச்சொல் வரும் என்றால், அதற்கு உங்கள் சுத்தியலே தேவலை.

வாக்கியங்களை வேறு வேறு மாதிரி தொடங்க வேண்டும் என்று 'ஹேவிங்' போட்டு ஆரம்பிக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஏன்?
— வாசகர், கும்பகோணம்

நானும் ஒரு காலத்தில் சிரிப்புக்கு ஆளானவன். டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் மூன்று பேரைக் கடித்த நாயை நகராட்சி ஊழியர்கள் பிடித்த செய்தி வந்தது. "ஹேவிங் பிட்டன் த்ரீ பீப்பிள், முனிசிபல் ஸ்டாஃப் காட் தி டாக்" என்று நானே செதுக்கி அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் அந்தத் துண்டை வெட்டி டீ கொதிக்கும் இடத்தில் ஒட்டியிருந்தார்கள். மூன்று பேரைக் கடித்தது ஊழியர்கள் என்றாகிவிட்டது!

தமிழ்க் காதுக்கு இது உறைக்காது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோம். பெய்தது ஒன்று, நிறைந்தது வேறொன்று, ஒரு குறையும் இல்லை. அதையே 'ஹேவிங் ரெய்ன்ட், தி டேங்க் ஃபில்ட்' என்றால் குளமே மழையாகப் பெய்துவிடும். 'ஹேவிங்' போட்டால், காற்புள்ளிக்கு அடுத்து வருகிற ஆள்தான் அந்த வேலையைச் செய்தவர். அது சரியாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், பக்கத்துக்கு ஒன்று போதும்.

என் மகன் பத்தாம் வகுப்பு. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதச் சொல்கிறார்கள். மார்க்கைத் தவிர இதனால் என்ன பிரயோஜனம்?
— வாசகர், தென்காசி

முதல் கேள்விக்கான மருந்தே அதுதான். மார்க் வாங்கியதும் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

'இட் ரெய்ன்ட், பட் தே ப்ளேட்' என்றால் (இது காம்பவுண்ட்) மழையும் ஆட்டமும் சரிசமம். 'தோ இட் ரெய்ன்ட், தே ப்ளேட்' என்றால் (இது காம்ப்ளெக்ஸ்) மழை ஒரு படி கீழே. 'இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன், தே ப்ளேட்' என்றால் (இது சிம்பிள்) மழை ஒரு பெயர்ச்சொல்லாகச் சுருண்டு ஓரமாய்ப் போய்விடும். எதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, இந்த மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

'பட்'டுக்கு முன்னால் எது, பின்னால் எது என்பதும் முக்கியம். கல்யாணத் தரகரைக் கேளுங்கள். 'பையனுக்குக் கோபம் வரும், ஆனா தங்கமான குணம்' என்பார். பெண் வீட்டார் விசாரித்துவிட்டு வந்து 'தங்கமான குணம்தான், ஆனா கோபம் வரும்' என்பார்கள். தகவல் அதேதான், சம்பந்தம் நின்றுபோகும்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: 'தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' கூடாது.

ஒரே மாதிரி தொடங்கக் கூடாது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சர்ச்சில் மட்டும் 'வீ ஷல் ஃபைட்', 'வீ ஷல் ஃபைட்' என்று அடுக்கிக்கொண்டே போகலாமா?
— வாசகர், சேலம்

நல்ல பிடி பிடித்தீர்கள். இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்டுக் கொண்டுவந்த கையோடு, 1940 ஜூன் 4-ம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியது. அந்தக் கடைசிப் பத்தியில் 'வீ ஷல் ஃபைட்' எத்தனை முறை என்று எண்ணினேன். ராஜபாளையத்து 'வீ' போலவே இதுவும் 7!

ஆனால் அவருடைய வாக்கியத்தின் தலை மட்டும்தான் அசையாமல் நிற்கிறது, வால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் பிரான்ஸில் சண்டை, பிறகு கடலில், ஆகாயத்தில், கடற்கரையில், விமானம் இறங்கும் திடலில், வயலிலும் தெருவிலும், கடைசியில் மலையில். யுத்தம் அடி அடியாகக் கேட்பவரின் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. இப்படி ஏழு முறை பழக்கிவிட்டு, எட்டாவதும் அதுதான் வரும் என்று காது காத்திருக்கிற நேரத்தில் 'ஃபைட்'டைக் கீழே போட்டுவிட்டு 'வீ ஷல் நெவர் சரண்டர்' என்கிறார். அந்த ஒரு மாற்றம் விழ வேண்டும் என்றுதான் அத்தனை அடுக்கும்.

முப்பது மூட்டை நூலுக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.