ஆடுபவர் நால்வர், ஆடாதவர் இருவர்

கேள்வி: நாங்கள் பணி ஓய்வு பெற்ற நான்கு நண்பர்கள், பெங்களூரில் ஐந்தாறு ஆண்டுகளாக கோல்ஃப் ஆடி வருகிறோம். வரும் ஜனவரி இறுதியில் ஒரு வாரம் கடலோரமாக எங்காவது சென்று ஆடிவிட்டு வர விரும்புகிறோம். புக்கெட், மொரீஷியஸ், இலங்கை ஆகிய மூன்றையும் பேசிப் பேசி இன்னும் முடிவுக்கு வரவில்லை. இருவருடைய மனைவியர் உடன் வருகிறார்கள், அவர்கள் ஆடுவதில்லை. எங்களில் ஒருவர் இடக்கைக்காரர். எங்கே செல்லலாம்? தினமும் ஆட இயலுமா? சொந்த மட்டைகளைக் கொண்டு செல்வதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: மைதானத்தின் படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகு அங்கே மழைக்காலம் எப்போது என்று விசாரிப்பவர்களே அதிகம். நீங்கள் மாதத்தை முதலில் சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்துவிட்டது. மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், நமக்குத் தை மாதப் பனி பெய்யும்போது அங்கே புழுக்கமான கோடைக்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவமும் அதுவே. இல் ஓ செர்ஃப் தீவில் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த, படகேறிச் சென்று ஆட வேண்டிய மைதானம் உங்கள் நண்பர்களில் யாருக்கேனும் கனவாக இருந்தால், அதை மே மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புக்கெட்டுக்கு ஜனவரி மிகப் பொருத்தமான மாதம், மழை இராது. 1998இல் டைகர் வுட்ஸ் கடைசி நாளை எட்டு அடிகள் பின்தங்கிய நிலையில் தொடங்கி, கூடுதல் குழிகள் வரை சென்று எர்னி எல்ஸை வென்ற புளூ கேன்யன் மைதானமும், பழைய வெள்ளீயச் சுரங்க நிலத்தில் அமைந்த ரெட் மவுண்டனும் அங்கேதான் உள்ளன. ஆனால் அதே காரணத்தால் உலகமே அப்போது அங்கே கூடுகிறது. கட்டணமும் உச்சத்தில் இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை இலங்கை. முதல் இரண்டு இரவுகள் கொழும்பு, அடுத்த நான்கு தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது. நம் பெங்களூர் கோல்ஃப் கிளப்பைவிட மூன்று வயது இளையது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்தின் ஊடே செல்கிறது. அடிக்கத் தயாராக நிற்கும்போது ரயில் வந்தால், மட்டையை ஊன்றிக்கொண்டு பெட்டிகளை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. தெற்கு விரைவுச் சாலை 2020இல் அம்பாந்தோட்டைப் பக்கம் வரை நீண்டுவிட்டதால் அங்கே செல்வதும் இப்போது அரை நாள் வேலைதான். அங்குள்ள ஷாங்ரி-லா விடுதியின் 18 குழி மைதானம் கடலை ஒட்டியே இருக்கிறது. வறண்ட பகுதியான அந்த ஊருக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும்.

இந்த ஊரை நான் சொல்வதற்கு உங்கள் வீட்டுப் பெண்மணிகளும் ஒரு காரணம். நீங்கள் வெயிலில் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும் காலை வேளையில், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய கதிர்காமத்துக்கு அவர்கள் காரில் சென்று வழிபட்டுவிட்டு மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம். மறுநாள் யால காட்டுக்குச் செல்லலாம். ஆடாதவர்களுக்கு இப்படி ஒரு திட்டம் இல்லாத கோல்ஃப் பயணம் மூன்றாம் நாளே முகம் சுளிப்பில் முடிவதை நான் கண்டிருக்கிறேன். அந்த முகங்களில் ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது.

தினமும் ஆடலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். பெங்களூரின் காலைக் காற்றுக்குப் பழகிய உடம்புக்குக் கடலோர ஈரப்பதம் வேறொரு உலகம். வியர்வை உலராது, களைப்பு தெரியாமலே ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று ஆட்டங்கள் போதும், நான்கு மிகுதி. காலை ஆறரைக்கு முதல் அடியை அடித்துவிட வேண்டும். நடக்காமல் வண்டியை எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை. கையுறைகளை ஆளுக்கு மூன்றாவது எடுத்துச் செல்லுங்கள். நான்கு குழிகளுக்கு ஒருமுறை மாற்றி, நனைந்ததைப் பையின் வெளியே காற்றாடத் தொங்கவிடுங்கள். தாகத்துக்கு, அங்கே தம்பிலி என்று அழைக்கப்படும் செவ்விளநீரைவிடச் சிறந்தது இல்லை.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே காற்று சற்று மெலிந்து பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கிறது. கடற்கரையின் வெப்பம் இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டினாலும், 150 கெஜ அடியில் மூன்று நான்கு கெஜம் குறையும். எதிர்காற்று வீசினால் இக்கணக்கே பொருளற்றுப் போகும். கொழும்பில் நான் பழக்கதோஷத்தில் ஏழாம் எண் அயர்ன் மட்டையை எடுத்து அடிக்க, பந்து நேராக மணற்குழியில் போய் விழுந்தது. அடுத்த குழியில், பையைச் சுமந்து உடன் வரும் உதவியாளரான கேடி ஒரு வார்த்தையும் பேசாமல், இன்னும் தூரம் அடிக்கும் ஆறாம் எண்ணை என் கையில் கொடுத்தார். கேடி சொல்வதைக் கேளுங்கள்.

மட்டைகளைப் பொறுத்தவரை, இடக்கைக்காரர் கட்டாயம் தம்முடையதைக் கொண்டு செல்லட்டும். வாடகையில் இடக்கைத் தொகுப்பு கிடைப்பது அரிது. மற்றவர்கள் மூன்று ஆட்டத்துக்காகச் சுமக்க வேண்டியதில்லை. காலணி, கையுறை, பந்துகள் மட்டும் சொந்தமாக இருந்தால் போதும். கொண்டு செல்பவர் விமானப் பைக்குள் மிக நீளமான மட்டையைவிட ஓர் அங்குலம் உயரமான உறுதியான கம்பு ஒன்றைச் செருகிவைத்தால், பை தலைகீழாக விழுந்தாலும் அடி கம்பின்மேல்தான் விழும். மட்டைகள் விலையுயர்ந்த புதியவை என்றால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்வது திரும்பி வரும்போது கேள்விகளைத் தவிர்க்கும். மைதானத்துக்கு எழுதும்போது ஆட்டக் கட்டணம், வண்டி, கேடி, வாடகை மட்டை அனைத்தையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றையும் உங்கள் கிளப் செயலரின் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். இன்னொன்று: இலங்கையில் பௌர்ணமி பொது விடுமுறை, அன்று மது விற்பனை கிடையாது. பத்தொன்பதாம் குழியில், அதாவது கிளப் மதுக்கூடத்தில், நம்பிக்கை உள்ளவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுக்கவும்.

கேள்வி: மகனுக்கு ஏப்ரலில்தான் பள்ளி விடுமுறை. பன்னிரண்டு வயது, கோல்ஃப் கற்று வருகிறான். அப்போதும் இலங்கை பொருந்துமா?
— ஒரு வாசகி, வைட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். இலங்கையில் தமிழரும் சிங்களரும் ஒன்றாகக் கொண்டாடும் அந்நாட்களில் கேடிகள் உட்படப் பலரும் சொந்த ஊருக்குச் சென்றுவிடுவார்கள். தாய்லாந்திலும் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் விழா. மேலும், ஏப்ரலில் இலங்கையில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. மழை விலகிவரும் பாலி தீவை மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். எங்கே சென்றாலும், இடிச் சத்தம் கேட்டவுடன் மரத்தடியில் ஒதுங்காமல், மட்டையைக் கேடியிடம் வாங்கி இன்னும் ஓர் அடி என்று கெஞ்சாமல், நேராக கிளப் கட்டடத்துக்கு வர வேண்டும் என்பதைப் பையனுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.