சர்வதேச உறவுகளா, பாதுகாப்புக் கற்கையா? வன்னியிலிருந்து வந்த சில கேள்விகள்

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: கலைமாணி முடித்துவிட்டேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போர்க் கற்கை முதுமாணி செய்தால் உளவு, பாதுகாப்புத் துறைகளில் வேலை எடுக்கலாமா?

பேர்போன துறைதான், சந்தேகமில்லை. ஆனால் தம்பி, பாடநெறியைப் பார்க்கும் முன்னம் உங்கள் கடவுச்சீட்டைப் பாருங்கள். பக்கத்துக் கதிரையில் இருந்து படிக்கிற பிரித்தானியப் பிள்ளை அந்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5க்கு விண்ணப்பிக்கலாம், உங்களால் முடியாது. அமெரிக்காவில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் இதே கதைதான், அரசாங்கப் பாதுகாப்பு வேலைகளுக்குப் பெரும்பாலும் அந்நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். எங்களுக்குத் திறந்திருப்பது ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவை, தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிலையங்கள், பிறகு எங்கள் சொந்த அரசாங்கம். ஆகவே மனிதாபிமானச் சட்டம், புள்ளிவிவரம், ஜி.ஐ.எஸ். என்கிற கணினி வரைபட முறை மாதிரி நடைமுறை வேலைக்கு உதவுகிற பாடங்கள் எந்த முதுமாணியில் இருக்கின்றன என்று பாருங்கள். பட்டத்தின் பேர் பிறகு.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. வெளிவாரிப் பட்டம் முடித்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் சரிவருமா?

இந்த முறை எழுதினவர்களில் பலமான ஆள் நீங்கள்தான். பிரித்தானிய அரசாங்கத்தின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், முழுநேர வேலையென்றால் ஏறத்தாழ இரண்டு வருடம், அது உங்களுக்குத் தாண்டிவிட்டது. பிரித்தானியாவில் மூன்று பாடநெறிகளைத் தெரிவு செய்ய வேண்டும், படித்து முடிய இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்கவும் வேண்டும். பிராட்ஃபோர்ட்டின் சமாதானக் கற்கையை மூன்றில் ஒன்றாகப் போடுங்கள். இலங்கை 2017 டிசெம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, உங்களுடைய தினசரி வேலையே அந்த உடன்படிக்கைதான், இதை விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். ‘சிறுவயது முதல் சமாதானத்தில் ஆர்வம்’ என்று தயவுசெய்து தொடங்க வேண்டாம், வாசிக்கிறவர்களுக்கு அலுத்துப்போன வரி. பல்லு வைத்த வாரியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பாதையை எப்படி முடித்தீர்கள், வேலையை ஏன் இடையில் நிறுத்தினார்கள், ‘எப்ப விதைக்கலாம்?’ என்று காணிக்காரர் வேலிக்கு அங்கால் நின்று கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள், இதை எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு அப்பா: மகளை லண்டனுக்கு அனுப்பக் காணியை விற்கலாமென்று யோசிக்கிறோம்.

வேண்டாம் ஐயா. இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் அந்தச் செலவை ஈடுசெய்யாது. டெல்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து 2010இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் முதுமாணி இருக்கிறது, இரண்டு வருடம், லண்டனோடு ஒப்பிடவே முடியாத செலவு. ஐரோப்பாதான் வேண்டுமென்றால் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்முஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் போகட்டும். ஏஜென்சிக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார், அவருக்குக் கமிஷன் வேறிடத்தில்.

கிளிநொச்சி: இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கு முதுமாணி கட்டாயமா?

இல்லை. பட்டம் போதும், மிச்சம் போட்டிப் பரீட்சையும் நேர்முகமும். வயதெல்லை உண்டு, வர்த்தமானியைக் கவனியுங்கள். முதுமாணிக்காகக் காத்திருந்து வயதைத் தாண்டிவிடாதீர்கள்.

மல்லாவி: தமிழ் மொழிமூலம் படித்த எனக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை சரிவருமா?

நல்ல இடங்கள் 6.5 அல்லது 7 கேட்கும். பெரும்பாலும் எழுத்தில்தான் விழுவார்கள், அதனால் தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். பரீட்சைக்குக் காசு கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.