வேரைப் பார்க்க வேண்டும், பிடுங்கக் கூடாது

கேள்வி: அக்கா, உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் வேர் வளர்வதைத் தினமும் பார்த்துக் குறிக்க வேண்டுமாம். அதற்காக நாளுக்கு ஒரு செடியைப் பிடுங்குவதா? எங்களுக்கு இருப்பதே காரிடாரில் நாலு தொட்டிதான். (ஈசூன் வாசகி)

பதில்: தொட்டியைத் தொட வேண்டாம். வீட்டில் பழைய பாட்டு சிடி இருக்குமே, அதன் கண்ணாடி போன்ற பெட்டி போதும். உள்ளே சிடியைப் பிடிக்கும் தட்டைக் கழற்றிவிட்டு, ஈரமண்ணை நிரப்பி, மேல் விளிம்புக்குக் கீழே இரண்டு பச்சைப்பயறை வைத்து மூடுங்கள். கீல் பக்கவாட்டில் வரட்டும். தண்டு வெளியே வர மேலே சின்னத் திறப்பு, தண்ணீர் வடியக் கீழே ஒரு துளை. அடியில் வைக்கும் தட்டில் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு வந்துவிடும்.

கடையில் வாங்கும் தொட்டி மண்ணில் பெர்லைட் என்று வெள்ளைத் துணுக்குகள் கிடக்கும். பெட்டியின் சுவர் வழியே பார்க்கும்போது அது எது, வேர் எது என்று தெரியாது. ஆகவே மண்ணைச் சலித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இந்த வேலைக்கென்றே தனிச் சல்லடை உண்டு. மாவுச் சல்லடையை எடுத்தால் என் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.

அடுத்தது சாய்வு. பெட்டியை நேராக நிறுத்தாமல், ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து வையுங்கள். வேர் புவியீர்ப்பின் பக்கம் இறங்குவதால், கீழ்ப்பக்கச் சுவரை ஒட்டியே வளரும். கண்ணாடிப் பெட்டியில் வேரைப் பார்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸிடம் இருந்தது. பார்க்காத நேரத்தில் கறுப்புத் தாளால் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், வேரும் ஒதுங்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒளிபுகும் தாளை மேலே வைத்து, நாளுக்கு ஒரு நிறப் பேனாவால் வேர் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பயறு ஒரு வாரத்துக்குள்ளேயே பெட்டியின் அடியைத் தொட்டுவிடலாம். பக்கத்துப் பெட்டியில் சோளம் போட்டால் ஆணிவேருக்கும் சல்லிவேருக்கும் உள்ள வித்தியாசமும் கிடைக்கும்.

ஒன்றை ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள்: சுவரில் தெரிவது மொத்த வேர் இல்லை. மொத்தம் வேண்டுமானால் கடைசியில் ஒரு செடியைப் பலி கொடுக்கத்தான் வேண்டும். மண்ணோடு இரவு முழுக்க ஊறவைத்து, சல்லடை மேல் மெல்லக் கழுவி, 1 செ.மீ. கட்டம் போட்ட தாளின் மேல் வேரை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். வேர் கட்டக்கோடுகளைக் கடக்கும் இடங்களை எண்ணி 0.79ஆல் பெருக்கினால் நீளம், சென்டிமீட்டரில். 200 கடப்பு என்றால் சுமார் 158 செ.மீ. நூல் பிடித்து அளப்பதைவிட வேகம், பிழையும் குறைவு.

அலுப்பாக இருக்கிறது என்று மகள் சொன்னால் டிட்மர் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்கர், 1937இல் ஒரே ஒரு ரை என்னும் தானியச் செடியின் வேரைக் கழுவி, மாதிரி எடுத்து எண்ணிக் கணக்கிட்டார். வேர்முடிகளைச் சேர்க்காமலே சுமார் 620 கிலோமீட்டர்.

கேள்வி: எங்கள் புளோக் அருகே மரவேர் நடைபாதையைத் தூக்குகிறது. தோண்டாமல் வேர் எங்கே ஓடுகிறது என்று அறியலாமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: தரையை ஊடுருவும் ராடார் இருக்கிறது. ஆனால் தடித்த வேரைத்தான் காட்டும்; ஈரக் களிமண்ணில் அதுவும் மங்கும். அழுத்திய காற்றைப் பீய்ச்சி மண்ணை மட்டும் விலக்கும் கருவியை நான் அதிகம் நம்புவேன், வேருக்குக் காயம் குறைவு. இரண்டும் மர வல்லுநர் கையில் இருக்க வேண்டியவை. நீங்கள் மண்வெட்டி எடுக்க வேண்டாம் ஐயா; படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புங்கள்.