மேல்கை அறுவை சிகிச்சை: தவணையா, சேமிப்பா?

கேள்வி: இரண்டு வருடத்தில் 48 கிலோ குறைத்தேன். மேல்கைத் தோல் மட்டும் தளர்ந்து தொங்குகிறது. ஆசிரியர் வேலை, போர்டில் எழுதக் கை தூக்கவே கூச்சமாக இருக்கிறது, அக்குள் பக்கம் உரசிப் புண்ணும் வருகிறது. அதிகத் தோலை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு வட்டியில்லாத் தவணை தருவதாக மருத்துவமனையில் சொல்கிறார்கள். அவசரத்துக்கென்று ஐந்து மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கிறது. எதில் கட்டலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டிலும் வேண்டாம். எடை எத்தனை மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வட்டியைவிட எனக்கு அதுதான் முக்கியம். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றபிறகே பொதுவாகப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதைச் செய்யச் சொல்வார்கள். அவசரப்பட்டுச் செய்துகொண்டு, அப்புறம் இன்னும் 10 கிலோ இறங்கினால் தோல் மறுபடி தளரும். தவணை மட்டும் குறையாது. அதனால் அந்தத் தவணைத் தொகையை இந்த மாதமே தனிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். இரண்டாவது மாதமே இடித்தால், கடனும் அப்படித்தான் இடித்திருக்கும்.

புண்ணைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கூச்சம் அழகு விஷயம், புண் மருத்துவ விஷயம். ஒவ்வொரு முறையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துச் சீட்டு, தேதியோடு படம், களிம்பு போட்டும் திரும்ப வந்ததாக அவர் எழுதிய குறிப்பு, எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். இந்தச் சிகிச்சையைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், ஆகவே அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

மருத்துவமனை சொன்ன தொகையில் மயக்க மருந்து, தியேட்டர், பரிசோதனைகள், வாரக்கணக்கில் போட வேண்டிய இறுக்கமான மேல்கை உறை எல்லாம் அடங்குமா? அக்குளிலிருந்து முழங்கைவரை தழும்பு விழும். அதைத் திருத்த வேண்டி வந்தால் யார் செலவு? ‘வட்டியில்லை’ என்ற தாளில் நடைமுறைக் கட்டணமும், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். சில வாரம் கனம் தூக்கக் கூடாது, போர்டுப் பக்கமும் போக முடியாது. சம்பளமில்லா விடுப்பு என்றால் அதையும் செலவில் சேருங்கள்.

அந்த ஐந்து மாதப் பணத்தை மட்டும் தொடாதீர்கள். தையலுக்கு அடியில் நீர் கோத்து, விடுப்பை இன்னும் இரண்டு வாரம் நீட்டச் சொன்னால் அப்போது தேவைப்படும்.