கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

கணினி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கேமிங் சிஸ்டத்தில் புது கிராபிக்ஸ் கார்டு போடுவது பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். அண்ணன் 2014-ல் வாங்கிய அசெம்பிள்டு சிஸ்டம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐ5-4570 ப்ராசஸர், எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. ஜிடிஏ 5 சுமாராக ஓடுகிறது. சைபர்பங்க் 2077 நகரவே மாட்டேன் என்கிறது. கேட்டரிங் வேலைக்குப் போய் 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கச் சொல்கிறான் நண்பன். வாங்கலாமா? கேபினட்டைத் திறந்து எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன்.
– மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு அதிகம் உதவியது எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின், பக்கவாட்டில் இருக்கும் ஸ்டிக்கர்தான். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, கீழே இருக்கும் கட்டத்தில் +12 வோல்ட் என்ற இடத்தைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருக்கிறது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் இழுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். உங்கள் விளையாட்டுக்கு உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கில் எழுதியது. இன்றைய சிஸ்டத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை.

இப்போது செலவுக் கணக்கு. உங்கள் ப்ராசஸருக்கு 84 வாட். 750 டிஐ கார்டுக்கு 60 வாட். இரண்டும் சேர்ந்து 144 என்பதால்தான் இத்தனை வருடம் தொந்தரவில்லாமல் ஓடியிருக்கிறது. 6500 எக்ஸ்டி கார்டுக்கு 107 வாட். 84-ஐயும் 107-ஐயும் கூட்டினால் 191. ஹார்ட் டிஸ்க், ஃபேன், ரேம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. மலிவான எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் போட்டிருப்பதை மணிக்கணக்கில் கொடுக்குமா என்பதும் சந்தேகம். விளையாடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் பட்டென்று ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான் கோளாறு. கார்டு நன்றாகவே இருக்கும்.

இன்னொன்று. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் நேராக வர வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இல்லை. கடையில் கேட்டால், ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா ஒயரில் செருகும் கன்வர்ட்டர் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். தயவு செய்து வாங்காதீர்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கும். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். அப்படி உருகிய கனெக்டர்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன். கறுப்பு பிளாஸ்டிக் இளகிப் பின்னோடு ஒட்டியிருக்கும். கையால் பிடுங்க வராது, பிளையர் போட்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் 15,000 ரூபாயில் முதல் செலவு எஸ்எம்பிஎஸ். பெயர் உள்ள கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் தரம் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று), 500 வாட் அல்லது 550 வாட், 8 பின் ஒயர் உள்ளதாகப் பாருங்கள். அது வீண் செலவு ஆகாது. நாளை போர்டை மாற்றினாலும் புது சிஸ்டத்துக்கு அப்படியே போகும்.

அடுத்து நண்பர் சொன்ன கார்டு. அதை உங்கள் போர்டில் போட வேண்டாம் என்பேன். ஸ்லாட்டில் தகவல் போய்வர 16 வழித்தடங்கள் இருந்தாலும் 6500 எக்ஸ்டி அதில் நாலை மட்டும்தான் பயன்படுத்தும். புது போர்டில் ஒவ்வொரு வழித்தடமும் வேகம் என்பதால் சமாளித்துக்கொள்ளும். எச்81 போர்டின் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 தலைமுறை. அதில் நாலு வழித்தடம் என்றால் வினாடிக்குச் சுமார் 2 ஜிபி. கார்டில் இருக்கும் 4 ஜிபி மெமரி நிரம்பிவிட்டால் மீதியை ரேமில் இருந்து இந்தக் குறுகிய பாதையில்தான் இழுக்க வேண்டும். படம் திக்கித் திக்கி ஓடுவது அங்கேதான் ஆரம்பிக்கும். நண்பருடைய போர்டு புதியதாக இருக்கலாம், அவருக்கு நன்றாக ஓடியும் இருக்கலாம். உங்களுக்கு ஓடாது.

உங்களுக்குப் பொருந்துவது 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 6 ஜிபி மெமரி, 125 வாட், 16 வழித்தடத்தையும் பயன்படுத்தும். பழைய 2.0 ஸ்லாட்டிலும் வினாடிக்கு 8 ஜிபி கிடைக்கும். செகண்ட் ஹேண்டில் தேடினால், எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து உங்கள் பணத்துக்குள் முடிக்கலாம். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். வாங்கும் முன் கேபினட்டின் பின்பக்கத்தில் இருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை அளவு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேன் உள்ள கார்டுகள் 20 சென்டிமீட்டரைத் தாண்டும்.

சைபர்பங்க் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபோது அந்த விளையாட்டின் குறைந்தபட்சத் தேவையையே உயர்த்திவிட்டார்கள்: ஐ7-6700, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கை விட வேகமான சேமிப்பு). உங்கள் ப்ராசஸர் அதற்குக் கீழே இருக்கிறது. 1660 சூப்பர் போட்டால் விளையாடலாம். ஆனால் கூட்டமான தெருக்களில் ப்ராசஸரின் நாலு கோரும் 100 சதவீதத்தைத் தொட்டுத் திணறும். ஜிடிஏ 5-க்கு அந்தக் கவலை இல்லை. அதற்குப் பரிந்துரைத்ததே ஐ5-3470 தான். அந்த விளையாட்டை இழுத்துப் பிடிப்பது கார்டு மட்டும்தான்.

எது இழுத்துப் பிடிக்கிறது என்று நீங்களே பார்க்கலாம், பணம் செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். விளையாடும்போதே கார்டு எத்தனை சதவீதம், ப்ராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று திரை ஓரத்தில் காட்டும். கார்டு 97, 99 என்று நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60-ல் இருக்க ப்ராசஸர் முட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு விலையில் கார்டு போட்டாலும் அதே கதைதான். ரெசல்யூஷனை ஒரு படி இறக்கியும் பாருங்கள். ஃபிரேம், அதாவது வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, எகிறினால் தடை கார்டு; அசையாமல் நின்றால் ப்ராசஸர்.

பிறகு கையில் பணம் சேரும்போது இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ரேம் போடுங்கள். எச்81-ல் இரண்டு ஸ்லாட்தான், 16 ஜிபி வரை ஏற்கும். அடுத்தது எஸ்எஸ்டி. ஐ7-4770 மலிவாகக் கிடைத்தால் அதே சாக்கெட்டில் உட்காரும். இதற்கு மேல் இந்தப் போர்டில் பணம் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியலில் நாலாம் தலைமுறை கிடையாது.

கேள்வி: மகன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். 2019-ல் வாங்கிய கம்ப்யூட்டருக்கு 30,000 ரூபாயில் கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். கடையில் விசாரித்தால், ‘கார்டு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மொத்தமாக மாற்றுங்கள்’ என்று 75,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் எழுதிக் கொடுத்தது: ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 80 பிளஸ் பிரான்ஸ் 550 வாட். மானிட்டர் 1920×1080, 60 ஹெர்ட்ஸ்.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: சகோதரி, அந்தக் கொட்டேஷனை எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது நல்ல அஸ்திவாரம். எஸ்எம்பிஎஸ் தரமானது, ரேம் போதும், ப்ராசஸர் விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. மாற்ற வேண்டியது கார்டு ஒன்றுதான். அதுவும் 30,000-க்கு வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 120 படம் வரைந்தாலும் பாதி உங்கள் மகன் கண்ணுக்கு வராது.

ஆர்எக்ஸ் 6600 என்று கேளுங்கள். 8 ஜிபி மெமரி, 132 வாட்; இருக்கும் எஸ்எம்பிஎஸ் தாராளமாகத் தாங்கும். முழு எச்டி திரைக்கு நிறைவாக இருக்கும். பில்லோடு, வாரண்டியோடு வாங்குங்கள். முன்பு இருந்தது என்விடியா, இது ஏஎம்டி. கார்டை இயக்கும் மென்பொருளான பழைய டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள்.

ஒரு வருடம் கழித்து வேகம் போதவில்லை என்றால், அதே போர்டில் ரைசன் 5 5600 போடலாம். ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வசதி அது. அதற்கு முன் போர்டின் பயாஸை, அதாவது போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம். யுபிஎஸ் இருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள். 2018-ல் வந்த போர்டு 2022-ல் வந்த ப்ராசஸரை ஏற்றுக்கொள்ளும்போது ‘எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்’ என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒரு குடும்பத்தின் மாதக்கணக்கான சேமிப்பு அது.

கேள்வி: ஆபீஸில் இருந்து கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 வாங்கினேன், சின்ன கேபினட். இதில் கேமிங் கார்டு போட முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முடியும், ஆனால் இரண்டு கட்டுப்பாடு. கேபினட்டின் உயரம் குறைவு என்பதால் லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். எஸ்எம்பிஎஸ் 255 வாட், கார்டுக்கான தனி ஒயர் கிடையாது. டெல்லின் பிளக்கும் வேறு மாதிரி என்பதால், கடையில் கிடைக்கும் 24 பின் எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. ஆகவே ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டு வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை. பின்னது 70 வாட் மட்டுமே. இரண்டிலும் லோ புரொஃபைல் மாடல் உண்டு. 8 ஜிபி என்று எழுதியிருக்கும் 3050-ஐ எடுத்துவிடாதீர்கள், அதற்கு 130 வாட் வேண்டும். பெட்டியில் குட்டை பிராக்கெட் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

கேள்வி: புது கார்டு மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. கார்டு போய்விட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மதர்போர்டின் எச்டிஎம்ஐ-யில் இருந்தால் கழற்றிக் கார்டில் செருகுங்கள். கார்டு ஸ்லாட்டில் ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததா, 8 பின் முழுதாக நுழைந்ததா என்பது அடுத்து. பழைய விஜிஏ மானிட்டர் என்றால், எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் கன்வர்ட்டர் வேண்டும்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. மைனிங்கில் ஓடியவை என்று பயமுறுத்துகிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: மைனிங் என்பது கார்டைக் கணக்குப் போட வைத்து கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும், அதுவரை இரவு பகலாக மைனிங் செய்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். சிப் பெரும்பாலும் தாங்கியிருக்கும். தேய்வது ஃபேனும், காய்ந்துபோவது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும்தான். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஆடினாலும், உரசும் சத்தம் வந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்புறப் பலகை ஓரிடத்தில் மட்டும் பழுப்பேறியிருந்தால் அந்தக் கார்டு வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது போலிகளுக்கு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே பல வருடம் பழைய சிப் வைத்து விற்கிறார்கள். கார்டின் பின்பக்கம் விஜிஏ துளை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிஜமான 1050 டிஐ-யில் அனலாக் வெளியீடே கிடையாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். அது பல போலிகளைப் பெயரோடு காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்றால் அதிலேயே ஷேடர் (சிப்புக்குள் படம் வரையும் சிறு அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 இருந்தால் முழு 580. 2048 இருந்தால் அது 570-க்குச் சமம், விலையும் அப்படியே இருக்க வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 1060, 1070 இப்போது ஆசை காட்டும் விலைக்கு வருவதற்கும் காரணம் உண்டு. அந்தத் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய 900 வரிசைக்கும், புது விளையாட்டுகளுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். பழைய விளையாட்டுகள் போதும் என்கிறவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் 1650, 1660 போன்ற ஜிடிஎக்ஸ் 16 வரிசையில் இருந்து தொடங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடைக்காரர் சிஸ்டத்திலேயே கார்டைப் போட்டு, கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். கோடு விழுகிறதா, திரை கறுத்துத் திரும்ப வருகிறதா, சூடு 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிக்காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ஓட்டிக்காட்டினால், மாற்றித் தரும் கெடுவைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.